இசைத்தட்டின் பின்னட்டையில் அப்பா பெயர்

நான் பாடிய இசைத்தட்டில் என் பெயர் இல்லை. என் அப்பா பெயர் இருக்கிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பார்சல் ஒரு சனிக்கிழமை வந்தது. பாளையங்கோட்டை தபால் ஆபீசுக்கு நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி, பைக்கில் முன்னால் வைத்துப் பைய ஓட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் பாட்டுகளை இசைத்தட்டாக அச்சடித்த ஐரோப்பியக் கம்பெனி, எங்களுக்கென்று அனுப்பிய பத்துப் பிரதிகள். முன்னட்டையில் ஆற்றுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் எழுந்து கரையேறுகிற படம். ஆறு நம்ம தாமிரபரணிதான். கரையில் நிற்கிற மருத மரங்களை நான்தான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். வரைந்தவன் ஒரு கிளையைக்கூட விடவில்லை.

பின்னட்டையை முதலில் வாசித்தவள் என் மனைவி.

"இங்கேருங்க, இதுல மாமா பேரு போட்டிருக்கு."

"எங்க?"

"இங்கன, அடியில. குரல், கிட்டார், பேஸ் கிட்டார், பாட்டு எழுதுனது, எல்லாம் மாமாதானாம்."

வாங்கிப் பார்த்தேன். எழுத்து கருவேல முள்ளை வெட்டிக் குவித்த மாதிரி இருந்தது. எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். அப்பா பெயர்தான். அதற்குக் கீழே டிரம்ஸ் வாசித்தவனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய அப்பா பெயர். மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது இரண்டும் சூடேறியது.

தப்பு யாருடையது என்று கேட்டால், என்னுடையதுதான். கம்பெனிக்காரன் ஒரு படிவம் அனுப்பியிருந்தான். முதல் பெயர் ஒரு கட்டம், கடைசிப் பெயர் ஒரு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. படிவம் கேட்டால் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதுவோம். பாஸ்போர்ட்டில் அப்படித்தான், பாங்கில் அப்படித்தான். பள்ளிக்கூட வாத்தியார் நான். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு உதவித்தொகைப் படிவம் நிரப்பிக் கொடுத்துக் கை பழகியவன். யோசிக்காமல் எழுதினேன், டிரம்மருக்கும் சேர்த்து. அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டாம், அட்டையில் எப்போதும் கடைசிப் பெயரை மட்டும்தான் போடுவார்களாம். அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்லச் சொல்லி மாதிரியும் அனுப்பினான். போனில் பார்த்தேன். முள்ளுக்காடு மாதிரி எழுத்து, ஒன்றும் புரியவில்லை. இந்த இசைக்கு எழுத்து புரியாமல் இருப்பதுதான் அழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பிரமாதம், அடித்துவிடு என்று பதில் போட்டேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

பெயர்தானே, போனால் போகட்டும் என்று நீங்கள் சொல்லலாம். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நாங்கள் கோயில் என்று சொல்கிற சர்ச்சின் பாடகர் குழுவில் நாற்பது வருஷமாக அப்பாதான் பேஸ். நான்கு குரலில் அடிக் குரல். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் நின்று பாடுவார். பதினாலு வயதில் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். மூன்று வாரம் நின்றேன். நாலாவது ஞாயிறு, ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, அத்தனை பேர் முன்னால், "உனக்குச் சுருதி நிக்கலடே. இனிமே கீழ உக்காரு" என்றார். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகு ஒரு பாமாலைக்கும் நான் வாய் திறந்ததில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பாட, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கல்லூரி விடுதியில் ஒருவன் கொடுத்த கேசட்டில்தான் டெத் மெட்டல் கேட்டேன். அதில் சுருதி கேட்க மாட்டார்கள். அடிவயிற்றிலிருந்து உறுமுவார்கள். அந்த உறுமல் எனக்கு வந்தது. எந்தப் பயிற்சியும் இல்லாமல், முதல் நாளே வந்தது. இந்தத் தொண்டையால் உருப்படியாக ஆன ஒரே காரியம் அது. அதில் என் பெயர் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

பாட்டுகளைப் பதிவு செய்தது பல வருஷத்துக்கு முன்னால், சேரன்மகாதேவியில், மூடிக் கிடந்த ஒரு அரிசி மில்லில். எங்கள் குழுவில் மொத்தமே இரண்டு பேர். நானும் டிரம்மரும். அவன் மாஞ்சோலை எஸ்டேட்டில் பிறந்தவன். கோடை விடுமுறையில் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருவான். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க, பத்தமடையிலிருந்து முரட்டுக் கோரைப் பாய்களாகப் பார்த்து வாங்கிச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டோம். உச்சிவெயிலில், காற்றாடிகூடப் போட முடியாமல், பாய்களுக்கு நடுவே நின்று நான் உறுமுவேன். வெளியே தெருவில் போன ஒருவர் யாருக்கோ வலிப்பு வந்துவிட்டது என்று சாவிக்கொத்தோடு உள்ளே ஓடி வந்தார். அவர் என் கையில் இரும்பைத் திணிக்கப் பார்த்ததும், டிரம்மர் விழுந்து விழுந்து சிரித்ததும் பதிவாகி, நாலாவது பாட்டின் கடைசியில் இன்னும் இருக்கிறது. இரண்டு கோடை அப்படிப் பாடுபட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் இசைத்தட்டுப் போட்டுக் கேட்கிற பெட்டி யாரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை. ஆகவே அந்தப் பத்துப் பிரதிகளும் இங்கே வாசிப்பதற்கு மட்டும்தான் பயன்படும். வாசித்தால், அப்பா பெயர்.

கம்பெனிக்காரனுக்கு அன்றைக்கே மெயில் போட்டேன். மறுநாள் பதில் வந்தது. நல்லவன்தான். கடைகளுக்கு இன்னும் அனுப்பவில்லை, அடுத்த வெள்ளிக்குள் நீங்கள் இருவரும் சம்மதம் சொன்னால் சரியான பெயர்களை ஸ்டிக்கராக அடித்து எல்லா அட்டையிலும் ஒட்டித் தருகிறேன் என்று எழுதியிருந்தான். எனக்கு மூச்சு வந்தது. டிரம்மருக்குப் போன் போட்டேன். "நேர்ல வாலே, பேசுவோம்" என்றான். அவனுக்கான பிரதிகளையும் கொடுத்த மாதிரி ஆகுமே என்று அன்றைக்கே அம்பை பஸ்ஸில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

எஸ்டேட் குத்தகை முடிந்து எல்லோரும் மலையை விட்டு இறங்கிய பிறகு, அவன் மணிமுத்தாறு பக்கம் வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறான். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் அப்பா தேயிலை ஃபாக்டரியில் ஆயுசு முழுக்க வேலை பார்த்து, மேலேயே செத்து, மேலேயே புதைக்கப்பட்டவர். அட்டையைக் கையில் கொடுத்தேன். அவன் அப்பா பெயரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். உள்ளே கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினான். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எந்த வரி என்று கேட்டு, அந்த வரியின் மேல் கொஞ்சம் சந்தனம் வைத்து, சுவரில் மாட்டியிருந்த அவர் போட்டோவுக்குக் கீழே சாய்த்து வைத்தார்கள். எலும்புக்கூடுகள் இருந்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"உன் பேரு வரவேண்டாமாலே? நீ அடிச்ச அடி அது."

"எங்கப்பா பேரு வேற எங்கன அச்சாயிருக்கு சொல்லு. ரேசன் கார்டுல இருந்துச்சு, செத்த பொறவு அடிச்சிட்டான். குழி மேல ஒரு கல்லு நட்டு எழுதணும்னு நெனச்சேன். இப்பம் நெனச்ச நேரம் மேல போக முடியுதா?"

"அதுக்கு இது கல்லாலே?"

"எனக்கு இதுதான் கல்லு. உன் பேர வேணும்னா நீ மாத்திக்க. எங்கப்பா பேரத் தொடாத."

அவன் அம்மா சோறு போட்டார்கள். சாப்பிட்டேன். கோபம் யார் மேல் என்று தெரியாமல் பஸ்ஸில் வந்தேன். அவன் மேல் கோபப்பட முடியவில்லை, அதுவே பெரிய எரிச்சல். சரி, என் பெயரை மட்டுமாவது மாற்றச் சொல்வோம், வீட்டுக்குப் போனதும் மெயில் போடுவோம் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டு வாசலில் புது ஜோடிச் செருப்பு கிடந்தது. எங்கள் சபைக் கமிட்டிச் செயலாளர் வந்திருந்தார். தெற்கு பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அப்பாவுக்கு இளையவர். கையில் போனை வைத்திருந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பீரோ மேல் ஒளித்து வைத்திருந்த இசைத்தட்டுகளில் ஒன்று அவர் மடியில் கிடந்தது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றுவிட்டேன்.

"பெங்களூர்ல இருக்க மருமவன் நெட்டுல பாத்து அனுப்பிருக்கான், அண்ணாச்சி" என்று செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். "பாத்தா உங்க பேரு. ஊரும் பாளையங்கோட்டைன்னே போட்டிருக்கு. படம் பூராம் எலும்புக்கூடு. இது உங்க மவன் வேலையா இருக்குமோன்னு கமிட்டில பேச்சு. சபைப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, அதான் நானே கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

"அதுல யாரு பேருவே போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"உங்க பேருதான்."

"அப்பம் பாடுனது நான்தான்."

செயலாளர் போனைத் தூக்கிக் காட்டினார். "அண்ணாச்சி, நான் போன்ல கேட்டுப் பாத்தேன். பிசாசு சத்தம் மாதிரில்லா இருக்கு."

"பேஸ் அப்படித்தான்வே இருக்கும். நாப்பது வருசமா தூண் பக்கத்துல நின்னு பாடுதேன். உமக்கு என்னைக்காவது கேட்டிருந்தால்லா தெரியும்."

"கமிட்டில நான் என்ன சொல்ல?"

"இதையே சொல்லும்."

நான் அந்த நிமிஷமே உள்ளே போய், பாடியது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பென்ஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. ஆசைப்பட்ட பெயரைக் கேட்டு வாங்க ஆள் நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார், நான் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறேன். செயலாளர் என்னைத் தாண்டிப் போகும்போது, "வாரேன் சார்" என்று பாவமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"ஏன்பா பொய் சொன்னிய?" என்று கேட்டேன்.

"என்னலே பொய்? எழுதியிருக்கதச் சொன்னேன்" என்று இசைத்தட்டை என்னிடம் நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை பாஸ்டர் ஐயாவிடமிருந்து ஆள் வந்தது. பெரியவர் மேல் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லையாம், ஆனால் பேச்சு அடங்கும் வரை பாடகர் குழுவில் நிற்க வேண்டாமாம். கிறிஸ்துமஸ் கேரலுக்கு ஒத்திகை ஆரம்பித்த வாரம் அது. அப்பா வந்தவரை உட்கார வைத்துக் காபி கொடுக்கச் சொன்னார். அவர் போன பிறகு குழுவின் வெள்ளை அங்கியை எடுத்து நாலாக மடித்து, பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குக் கீழே வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பாத்திரக் கடைக்குப் போனேன்.

"பாடினது நான். அப்பாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது" என்றேன். படிவத்தையும் கடைசிப் பெயர்க் கட்டத்தையும் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"நீரா பாடுனீரு?"

"ஆமா."

"ஓய், நீரு வாயத் தெறந்து ஒரு பாமாலை பாடி இந்தச் சபை கேட்டதில்ல. உங்க அப்பாவே உம்ம சின்னதுல எறக்கி விட்டாரு. அன்னைக்கு நானும்லா நின்னேன்."

"இது வேற பாட்டு."

"அப்பம் பாடிக் காட்டும், பாப்போம்."

கடையில் வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு அம்மா இட்லிக் கொப்பரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு ஓரமாக நின்று, மூச்சை இழுத்து, முதல் பாட்டின் முதல் வரியை எடுத்தேன். வருஷக்கணக்காகப் பாடாத தொண்டை. வருமோ வராதோ என்று பயந்தேன். வந்தது. நீளமாக, முழுசாக வந்தது. அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் தட்டுகள் லேசாக அதிர்ந்ததை என் காதால் கேட்டேன். கொப்பரையை வைத்துவிட்டு அந்த அம்மா வெளியே இறங்கிப் போய்விட்டார்.

செயலாளர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"அப்படியே அண்ணாச்சி குரல்" என்றார்.

"என்ன சொல்லுதிய?"

"கேரல் ராத்திரி கடைசி ஆமென் பாடும்போது, எல்லாரும் நிறுத்துன பொறவு அடியில ஒரு சத்தம் நிக்கும்லா. அந்தச் சத்தம்தான் இது. அது அவரு குரல்தானான்னு எனக்கு இம்புட்டு நாளும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. இப்பம் தீந்துபோச்சு."

"ஐயா, பாடினது நான். இப்பம் உங்க முன்னாலதான பாடினேன்."

"அவருகிட்ட கேட்டுக் கேட்டுப் பழகிருக்கீரு. நீரு நல்ல மகன்வே. தகப்பன் மேல விழுந்த பழிய எடுத்துத் தன் தலையில போட வந்திருக்கீரு. இத நான் கமிட்டில சொல்லுவேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவருக்கு என் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. கடைசியில் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. இனி ஒரே வழிதான் இருக்கிறது. ஸ்டிக்கர். அச்சில் என் பெயர் வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் பேச முடியாது. என் பெயரும் வரும், அப்பாவும் அங்கியைத் திரும்பப் போடலாம். வேலை விஷயம் வந்தபடி பார்த்துக்கொள்ளலாம். அப்பாவிடம் போய் இதைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பாட்ட வையி, கேப்போம்" என்றார்.

அதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை. போனை அவர் கையில் கொடுத்து இயர்போனை மாட்டிவிட்டேன். முதல் பாட்டு முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கழற்றிக் கொடுத்தார்.

"ஒண்ணும் வெளங்கல. ஆனா மூச்சு நல்லா நிக்கி."

முப்பது வருஷத்துக்குப் பிறகு என் பாட்டைப் பற்றி அவர் சொன்ன அடுத்த வார்த்தை அதுதான். "அப்ப ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிருதேன்பா" என்றேன்.

"ஒட்டு. உன் பேருதான், உனக்கு இல்லாத உரிமையா" என்றார். பிறகு, சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "ஒட்டுனா நான் சபைக்கு முன்னால பொய் சொன்னவனாயிருவேன். அத மட்டும் பாத்துக்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. பாமாலைக்கு எழுந்து நின்றபோது புத்தகத்தைப் பிரிக்காமல், வழக்கம்போல அடிக் குரலைப் பாடினார். தூணுக்குப் பக்கத்தில் நின்றபோது கேட்காத குரல் இப்போது நாலு வரிசைக்குக் கேட்டது. ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடகர் குழுவில் பேஸ் இல்லாமல் பாட்டு மொட்டையாக இருந்தது. செயலாளர் இரண்டு வரிசைக்கு முன்னால் நின்று, திரும்பி என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது.

ஏனென்றால் வெள்ளிக்கிழமையே கம்பெனிக்காரனுக்கு மெயில் போய்விட்டது. பெயர்கள் எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன, ஸ்டிக்கர் வேண்டாம், நான்தான் சரியாக வாசிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அடியில் என் பெயரை மட்டும், இனிஷியல்கூட இல்லாமல், தனியாகப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மிக்க மகிழ்ச்சி, தட்டுகள் திங்கட்கிழமை கடைகளுக்குப் போகின்றன, இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை என்று எழுதியிருந்தான். 'அன்புள்ள' என்று தொடங்கி, பக்கத்தில் என் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தான்.